சாவிக்கொத்து வேண்டாம், மாத்திரையை நிறுத்த வேண்டாம்: வலிப்பு நோய் பற்றி நம் குடும்பங்கள் அறிய வேண்டியவை

கோயில் திருவிழாக் கூட்டத்தில் ஒருவர் திடீரென்று விழுகிறார். கை கால்கள் வெட்டி இழுக்கின்றன. வாயில் நுரை தள்ளுகிறது. உடனே நாலா பக்கமிருந்தும் குரல் எழுகிறது: "இரும்பு குடுங்க! யார்கிட்டயாவது சாவி இருக்கா?" ஒருவர் மோட்டார் சைக்கிள் சாவியைக் கையில் திணிக்கிறார். இன்னொருவர் செருப்பைக் கழற்றி மூக்கருகே பிடிக்கிறார். மூன்றாமவர் பல்லைப் பிரித்துக் கரண்டியை நுழைக்கப் பார்க்கிறார். ஒன்றிரண்டு நிமிடங்களில் இழுப்பு நின்றுவிடுகிறது. "பார்த்தீங்களா, இரும்பு பட்டதும் நின்னுருச்சு" என்கிறது கூட்டம்.

தோட்டத்திலும் பட்டணத்திலும் இந்தக் காட்சியைப் பார்க்காதவர்கள் குறைவு. காக்காய் வலிப்பு, இழுப்பு, ஃபிட்ஸ் என்று பல பெயரில் அழைத்தாலும் நோய் ஒன்றுதான். மருத்துவர்கள் எபிலெப்சி என்பார்கள். அரசாங்க மருத்துவமனை அறிவிப்புகளில் 'சவான்' என்ற மலாய்ச் சொல்லையும் பார்த்திருப்பீர்கள்.

உலக சுகாதார நிறுவனத்தின் கணக்குப்படி உலகில் ஏறத்தாழ 5 கோடிப் பேருக்கு இந்த நோய் இருக்கிறது. முறையாகக் கண்டறிந்து மருந்து கொடுத்தால் அவர்களில் 70 விழுக்காட்டினர் வரை வலிப்பே வராமல் வாழ முடியும் என்றும் அந்நிறுவனம் கூறுகிறது. அப்படியிருந்தும் நம்மிடையே பல வீடுகளில் இந்த நோயின் பெயரை உரக்கச் சொல்லவே தயங்குகிறார்கள். பிள்ளைக்கு இருப்பதைப் பள்ளிக்குச் சொல்வதில்லை, மகனுக்கு இருப்பதை வேலையிடத்துக்குச் சொல்வதில்லை, மகளுக்கு இருப்பதை மாப்பிள்ளை வீட்டாருக்குச் சொல்வதில்லை. அவமானத்துக்குப் பயந்து செய்யும் இந்த மறைப்பு, நோயைவிடப் பெரிய ஆபத்தைக் கொண்டுவரக்கூடும். எப்படி என்பதைத்தான் இந்தக் கட்டுரை விளக்குகிறது.

இரும்பு கொடுத்தால் நிற்குமா?

நமது மூளையின் நரம்புச் செல்கள் மிக நுண்ணிய மின் சைகைகள் வழியாகத்தான் ஒன்றோடொன்று பேசுகின்றன. வழக்கமாக இந்தப் பேச்சு ஓர் ஒழுங்கில் நடக்கும். சில நேரங்களில் ஒரு கூட்டம் செல்கள் ஒரே சமயத்தில் அளவுக்கு மீறி மின் சைகைகளை வெளியிட்டுவிடும். அதுதான் வலிப்பு. கை கால் இழுப்பதும், நினைவு தப்புவதும், சிறுநீர் தன்னையறியாமல் போவதும் அதன் விளைவுகள்.

இந்த மின்புயல் அடங்குவதற்கும் மூளையிலேயே வழி இருக்கிறது. பெரும்பாலான வலிப்புகள் ஒன்று முதல் மூன்று நிமிடத்துக்குள் தாமாகவே நின்றுவிடும். கூட்டத்தில் சாவி தேடி, கண்டுபிடித்து, விரல்களைப் பிரித்துத் திணிப்பதற்கும் அதே ஒன்றிரண்டு நிமிடம்தான் ஆகிறது. அதனால் இரும்பு நிறுத்தியது போலத் தெரிகிறது. சாவி கொடுக்காமல் இருந்தாலும் அந்த வலிப்பு அதே நேரத்தில்தான் நின்றிருக்கும்.

சாவியால் பெரிய கெடுதல் இல்லை என்று வைத்துக்கொண்டாலும், அதைத் தேடுவதில் செய்ய வேண்டிய வேலை விட்டுப்போகிறது. கரண்டியை வாயில் நுழைப்பது அப்படியல்ல. பல் உடைந்து மூச்சுக்குழாயில் போகலாம். தாடை எலும்பு விலகலாம். நாக்கை விழுங்கிவிடுவார் என்ற பயத்துக்கும் அடிப்படை இல்லை. நாக்கைக் கடித்துக் காயப்படுத்திக்கொள்ளலாம், ஆனால் யாராலும் தன் நாக்கைத் தானே விழுங்க முடியாது. கடித்த காயம் சில நாளில் ஆறிவிடும்.

எச்சில் பட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று விலகி நிற்பவர்களும் உண்டு. வலிப்பு தொற்று நோயல்ல. நுரையைத் துடைத்துவிடுவதாலோ, ஒரே தட்டில் சாப்பிடுவதாலோ யாருக்கும் வராது.

கோயிலில் இருக்கும் முயலகன்

இது பேய் பிடித்தது, செய்வினை, முன்வினைப் பாவம் என்று சொல்பவர்கள் 'நம் முன்னோர் அப்படித்தான் சொன்னார்கள்' என்பார்கள். முன்னோர் சொன்னதைக் கொஞ்சம் பார்ப்போம்.

நடராசர் சிலை இருக்கும் கோயிலுக்குப் போனால் அவருடைய காலடியில் குப்புறக் கிடக்கும் சிறிய உருவத்தைக் கவனியுங்கள். தமிழில் அதற்கு முயலகன் என்று பெயர். வடமொழியில் அபஸ்மாரன். இந்த இரண்டு பெயருமே வலிப்பு நோயின் பெயராகவும் வழங்கியவை. ஆயுர்வேத நூல்கள் அபஸ்மாரத்தை ஒரு நோயாக வகைப்படுத்தி, அறிகுறிகளையும் சிகிச்சையையும் சொல்கின்றன.

பெரியபுராணத்தில் ஒரு நிகழ்ச்சி வருகிறது. கொல்லி மழவன் என்ற சிற்றரசனின் மகளுக்கு முயலகன் நோய். திருச்சிக்கு அருகே இன்று திருவாசி என்று அழைக்கப்படும் திருப்பாச்சிலாச்சிராமம் கோயிலில் அவளைக் கிடத்தியிருந்தான் தந்தை. அங்கு வந்த திருஞானசம்பந்தர் பதிகம் பாட, அவள் நலம் பெற்றாள் என்பது வரலாறு. பக்தியோடு படிப்பவர்கள் அற்புதத்தைப் பார்ப்பார்கள். கூடவே இன்னொன்றையும் பார்க்கலாம். அந்த அரசன் மகளை அரண்மனை அறையில் பூட்டி ஒளித்து வைக்கவில்லை. ஊரே வரும் இடத்துக்குக் கொண்டுவந்தான். வந்தவரும் அவளைக் கண்டு ஒதுங்கவில்லை, இரங்கினார். நமது மரபில் இதற்கு நோய் என்ற பெயரும் இருந்தது, நோயாளிக்கு இரக்கமும் இருந்தது.

இன்று பூசாரியிடமோ போமோவிடமோ போய்த் தாயத்துக் கட்டுபவர்களை மருத்துவர்கள் திட்டி அனுப்புவதால் பயனில்லை. கயிறு கையில் இருக்கட்டும், நேர்த்திக்கடனும் இருக்கட்டும். மாத்திரை மட்டும் தவறக் கூடாது. கயிறு கட்டியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்துவதில்தான் ஆபத்து தொடங்குகிறது.

விழாத வலிப்பும் உண்டு

வலிப்பு என்றால் விழுந்து இழுப்பது மட்டும்தான் என்று நினைத்துவிடுகிறோம். மூளையின் எந்தப் பகுதியில் மின்புயல் வீசுகிறதோ, அதற்கேற்ப வலிப்பின் தோற்றம் மாறும்.

பள்ளி வயதுப் பிள்ளைகளுக்கு வரும் ஒரு வகையில், பிள்ளை பேசிக்கொண்டிருக்கும்போதே பத்து இருபது விநாடி அப்படியே உறைந்து நிற்கும். கண் எங்கோ நிலைத்திருக்கும். பிறகு ஒன்றும் நடக்காதது போலத் தொடரும். ஒரு நாளில் பல முறை வரலாம். வகுப்பில் இதைப் பார்க்கும் ஆசிரியர் 'கவனமே இல்லாத பிள்ளை' என்பார். பாடத்தில் பாதி காதில் விழாததால் மதிப்பெண் குறையும். வீட்டில் அடியும் விழும். அந்தப் பிள்ளைக்குத் தேவைப்படுவது மருந்து.

இன்னொரு வகையில், பெரியவர்கள் சில நிமிடம் உதட்டைச் சப்புவார்கள், சட்டைப் பொத்தானைத் தடவிக்கொண்டே இருப்பார்கள், காரணமில்லாமல் நடப்பார்கள், கூப்பிட்டால் பதில் வராது. சிலருக்கு முதலில் வயிற்றிலிருந்து ஏதோ ஏறுவது போல இருக்கும், இல்லாத வாசனை வரும், காரணமில்லாத பயம் கவ்வும். இதைத்தான் 'காத்து கறுப்பு' என்று பல வீடுகளில் சொல்லிவிடுகிறார்கள். அப்படி ஏதேனும் நடந்தால் கைத்தொலைபேசியில் படம் பிடித்து மருத்துவரிடம் காட்டுங்கள். வலிப்பு வந்த நேரத்தில் மருத்துவர் அருகில் இருப்பது அரிது. ஒரு நிமிடக் காணொளி அவருக்குப் பெரிய உதவி.

ஒரு முறை வலிப்பு வந்தாலே எபிலெப்சி என்று முடிவுகட்டவும் வேண்டாம். பத்தில் ஒருவருக்கு வாழ்நாளில் ஒரு முறையாவது வலிப்பு வரக்கூடும். சர்க்கரை மிகவும் குறைவது, மதுவைத் திடீரென்று நிறுத்துவது, மூளைக் காய்ச்சல் போன்றவையும் காரணமாகலாம். ஆறு மாதத்திலிருந்து ஐந்து வயது வரையுள்ள பிள்ளைகளுக்குக் காய்ச்சலோடு வரும் இழுப்பும் பெரும்பாலும் எபிலெப்சியாக மாறுவதில்லை. ஆனால் எதுவானாலும் முதல் வலிப்பை மருத்துவர் பார்த்தே ஆக வேண்டும்.

காரணங்களும் ஒன்றல்ல. பிறக்கும்போது மூளைக்குப் பிராணவாயு குறைவது, சாலை விபத்தில் தலையில் அடிபடுவது, பக்கவாதம், மூளைக் கட்டி, மரபணு என்று பட்டியல் நீளும். ஏறத்தாழப் பாதிப் பேருக்குக் காரணம் கண்டுபிடிக்க முடிவதில்லை. ஹெல்மெட் போடாமல் லயத்திலிருந்து கடைக்குப் போய் விழுந்தவருக்குப் பல மாதம் கழித்து வலிப்பு வருவதும் உண்டு. இதில் யாருடைய பாவமும் இல்லை.

மாத்திரையை யார் நிறுத்துவது?

'மாத்திரை சாப்பிட்டால் மூளை மந்தமாகிவிடும்' என்று பெரியவர்கள் சொல்வதற்கு ஒரு பின்னணி உண்டு. 1912 முதல் பயன்பாட்டில் இருக்கும் பினோபார்பிட்டோன் என்ற பழைய மருந்து தூக்கக் கலக்கத்தைத் தரக்கூடியது. அதைச் சாப்பிட்டவர்கள் சோர்ந்து இருப்பதைப் பார்த்த தலைமுறையின் நினைவு அது. இன்று வால்புரோவேட், கார்பமாசெபின், லெவெடிராசெட்டம், லாமோட்ரிஜின் என்று பல மருந்துகள் இருக்கின்றன. ஒன்று ஒத்துவராவிட்டால் வேறொன்றுக்கு மாற்றலாம். மாற்ற வேண்டியவர் மருத்துவர்.

கார்பமாசெபின் பற்றி ஆசியர்கள் குறிப்பாக அறிய வேண்டியது ஒன்று உண்டு. ஒரு குறிப்பிட்ட மரபணுக் கூறு உள்ளவர்களுக்கு இந்த மருந்து உயிருக்கே ஆபத்தான தோல் ஒவ்வாமையைக் கொடுக்கலாம். சிங்கப்பூரில் 2013 முதல், ஆசிய வம்சாவளியினருக்கு முதல் முறையாக இந்த மருந்தைத் தொடங்கும் முன் அதற்கான இரத்தச் சோதனை நடைமுறையில் உள்ளது. எந்த நாட்டில் இருந்தாலும், புதிய வலிப்பு மருந்து தொடங்கிய முதல் இரண்டு மாதத்தில் காய்ச்சல், வாய்ப்புண், உடம்பில் தடிப்பு, கண் சிவப்பு வந்தால் அன்றைக்கே மருத்துவமனைக்குப் போக வேண்டும்.

வலிப்பு வந்து ஆறு மாதம் ஆகிவிட்டது, இனி எதற்கு மாத்திரை என்று தாமாக நிறுத்துவதுதான் நம்மிடையே அதிகம் நடக்கும் தவறு. இரத்த அழுத்த மாத்திரை போலவே இதுவும். அடக்கி வைத்திருப்பதே மாத்திரைதான். திடீரென்று நிறுத்தினால், நிற்காமல் தொடரும் வலிப்பு வரலாம். அது மூளையைப் பாதிக்கும், உயிரையும் பறிக்கும். எபிலெப்சி உள்ள பெரியவர்களில் ஆண்டுக்கு ஆயிரத்தில் ஒருவர் திடீர் மரணம் அடைகிறார். அடங்காத வலிப்பு, குறிப்பாக இரவில் தூக்கத்தில் வரும் வலிப்பு, அந்த அபாயத்தைக் கூட்டுகிறது. பொதுவாக இரண்டு ஆண்டுகளோ அதற்கு மேலோ வலிப்பே வராமல் இருந்தால், மருத்துவர் பரிசோதித்து மெல்ல மெல்லக் குறைப்பது பற்றி முடிவு செய்வார். இரண்டு மருந்துகளுக்கும் அடங்காதவர்களுக்கு அறுவை சிகிச்சை உள்ளிட்ட வேறு வழிகள் உண்டு.

மலேசியாவில் செலவு ஒரு தடையாக இருக்க வேண்டியதில்லை. குடிமக்களுக்கு அரசாங்க சுகாதார கிளினிக்கில் 1 ரிங்கிட்டும், அரசாங்க மருத்துவமனையின் சிறப்பு மருத்துவர் பிரிவில் 5 ரிங்கிட்டும்தான் கட்டணம். மருந்தும் அதில் அடக்கம்.

தைப்பூசக் காலத்தில் இன்னொரு கவனம் தேவை. இரவெல்லாம் கண் விழிப்பது, பட்டினி, வேளை தவறிய மாத்திரை ஆகிய மூன்றும் சேர்ந்தால் வலிப்பைத் தூண்டும். காவடி எடுக்க விரும்புபவர் முன்கூட்டியே மருத்துவரிடம் பேச வேண்டும். விரதம் இருந்தாலும் மாத்திரையைத் தண்ணீரோடு விழுங்கிவிட வேண்டும். தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் பார்ப்பவர்களுக்கும் தூக்கக் குறைவு இதே ஆபத்தைத் தரும்.

கல்யாணப் பேச்சு வரும்போது

இந்த நோயின் பாரம் பெண்கள் தலையில்தான் அதிகம் விழுகிறது. 'கல்யாணம் ஆனா சரியாயிடும்' என்று சொல்லி மறைத்துக் கட்டிக்கொடுக்கிறார்கள். புது வீட்டில் மாமியார் கண்ணில் படாமல் மாத்திரை சாப்பிட முடியாது. அதனால் அந்தப் பெண் மாத்திரையை நிறுத்துகிறாள். கல்யாண அலைச்சலில் தூக்கமும் இல்லை. சில நாளில் வலிப்பு வருகிறது, உண்மையும் வெளிவருகிறது. இப்போது அவளுக்கு நோயாளி என்ற பெயரோடு ஏமாற்றுக்காரி என்ற பெயரும் சேர்ந்துகொள்கிறது. மறைத்தவர்கள் பெற்றோர், சுமப்பவள் மகள்.

மருத்துவக் காரணமும் ஒன்று உண்டு. வால்புரோவேட் என்ற மருந்தை, எபிலிம் என்ற பெயரில் பலருக்குத் தெரியும், கர்ப்ப காலத்தில் சாப்பிட்டால் பத்தில் ஒரு குழந்தைக்குப் பிறவிக் குறைபாடு வரலாம்; பத்தில் மூன்று நான்கு குழந்தைகளுக்கு வளர்ச்சியிலும் கற்றலிலும் சிக்கல் வரலாம். இதற்காகப் பெண் தானாகவே மாத்திரையை நிறுத்திவிடவும் கூடாது. வலிப்பு தாயையும் குழந்தையையும் சேர்த்தே தாக்கும். கர்ப்பம் தரிப்பதற்குச் சில மாதங்கள் முன்பே மருத்துவரைப் பார்த்து, பாதுகாப்பான மருந்துக்கு மாறி, ஃபோலிக் அமிலம் எடுத்துக்கொள்ள வேண்டும். சில வலிப்பு மருந்துகள் கருத்தடை மாத்திரையின் பலனையும் குறைத்துவிடும். இவற்றையெல்லாம் கணவனுக்குத் தெரியாமல் எப்படித் திட்டமிடுவது? சரியான கவனிப்போடு எபிலெப்சி உள்ள பெண்களில் பெரும்பாலோர் நலமான குழந்தைகளைப் பெறுகிறார்கள். நோய் பிள்ளைக்கும் வந்தே தீரும் என்பதும் தவறு. பெரும்பாலான பிள்ளைகளுக்கு வருவதில்லை.

இந்தியாவின் இந்து திருமணச் சட்டத்தில்கூட ஒரு காலத்தில் வலிப்பு நோய் திருமணத்துக்குத் தடையாகக் குறிக்கப்பட்டிருந்தது. 1999-இல் அந்தச் சொல்லை நீக்கிவிட்டார்கள். சட்டப் புத்தகத்திலிருந்து போனது, தரகர் கேட்கும் கேள்விகளிலிருந்து இன்னும் போகவில்லை. நிச்சயத்துக்கு முன் சொல்வதால் ஒரு சம்பந்தம் தட்டிப் போகலாம். தெரிந்தும் சம்மதிக்கும் வீட்டில்தான் அந்தப் பெண்ணோ பையனோ பயமில்லாமல் மாத்திரை சாப்பிட முடியும். மாப்பிள்ளை வீட்டாருக்குச் சந்தேகம் இருந்தால், இரு தரப்பும் சேர்ந்து மருத்துவரையே பார்த்துக் கேட்கலாம்.

வேலையும் மோட்டார் சைக்கிளும்

தென்னாப்பிரிக்கக் கிரிக்கெட் வீரர் ஜான்டி ரோட்ஸை நினைவிருக்கிறதா? 1992 உலகக் கிண்ணத்தில் பாய்ந்து விழுந்து இன்சமாமை ரன் அவுட் செய்தவர். தமக்கு எபிலெப்சி இருப்பதை வெளிப்படையாகப் பேசியவர் அவர். இங்கிலாந்து அணித் தலைவராக இருந்த டோனி கிரேக்குக்கும் அதே நோய் இருந்தது. இந்த நோயோடு படிக்கலாம், விளையாடலாம், வேலை செய்யலாம்.

சில வேலைகளில் மட்டும் கவனம் தேவை. உயரமான ஏணி, ஃபோர்க்லிஃப்ட், சூடான எண்ணெய், வெட்டும் இயந்திரம், செம்பனைக் குலை அறுக்கும் நீண்ட கம்பு ஆகியவை, வலிப்பு அடங்கும் வரை வேண்டாம். அடங்கும் வரை மோட்டார் சைக்கிளும் காரும் ஓட்டக் கூடாது. மீண்டும் எப்போது ஓட்டலாம் என்பதை மருத்துவர் சொல்ல வேண்டும். ஆற்றிலோ குளத்திலோ தனியாகக் குளிக்க வேண்டாம். வீட்டுக் குளியலறையில் தாழ்ப்பாள் போடாமல் குளிப்பது நல்லது. அடுப்படியில் பின் அடுப்பைப் பயன்படுத்தலாம்.

வேலையிடத்தில் ஒருவருக்காவது தெரிந்திருந்தால்தான் இந்தக் கவனமெல்லாம் சாத்தியம். வேலை போய்விடுமே என்ற பயம் நியாயமானது. அதனால், 'இந்த வேலையைச் செய்யலாம், இதைத் தவிர்க்க வேண்டும்' என்று மருத்துவரிடம் கடிதம் வாங்கிக்கொண்டு பேசுவது நல்லது. முதலாளிமார்களும் மண்டோர்களும் வலிப்பு வந்தவரை வீட்டுக்கு அனுப்புவதற்கு முன், அவருக்கு வேறு வேலை கொடுக்க முடியுமா என்று பார்க்கலாம்.

கண்முன் யாராவது விழுந்தால்

முதலில் நேரத்தைப் பாருங்கள். சுற்றியிருக்கும் கூர்மையான, கடினமான பொருள்களை விலக்குங்கள். தலைக்கடியில் துண்டு அல்லது சட்டையை மடித்து வையுங்கள். கழுத்துப் பொத்தானைத் தளர்த்துங்கள். கை கால்களை அமுக்கிப் பிடிக்காதீர்கள்.

இழுப்பு அடங்கத் தொடங்கியதும் மெல்ல ஒருக்களித்துப் படுக்க வையுங்கள். எச்சில் வெளியே வடிந்துவிடும். வாயில் எதையும் வைக்காதீர்கள். முழுதாகத் தெளியும் வரை தண்ணீர், காப்பி, மாத்திரை எதுவும் கொடுக்காதீர்கள், புரையேறும்.

வலிப்பு 5 நிமிடத்துக்கு மேல் நீடித்தால், அடுத்தடுத்து வந்தால், அதுவே முதல் முறை என்றால், அவர் கர்ப்பிணி, நீரிழிவு நோயாளி, தலையில் அடிபட்டவர் அல்லது தண்ணீரில் விழுந்தவர் என்றால், உடனே ஆம்புலன்சைக் கூப்பிடுங்கள். மலேசியாவில் 999, சிங்கப்பூரில் 995.

தெளிந்ததும் அவருக்குக் குழப்பமாக இருக்கும், களைப்பாக இருக்கும், வெட்கமாகவும் இருக்கும். கூட்டத்தைக் கலைந்து போகச் சொல்லுங்கள். உடை நனைந்திருந்தால் ஒரு கைலியைப் போர்த்துங்கள். என்ன நடந்தது என்று அமைதியாகச் சொல்லி, வீட்டார் வரும் வரை கூட இருங்கள்.

வீட்டில் வலிப்பு நோயாளி இருப்பவர்கள் இன்றைக்கே ஒரு சிறிய நோட்டுப் புத்தகம் வாங்கி வையுங்கள். வலிப்பு வந்த தேதி, நேரம், எத்தனை நிமிடம் நீடித்தது, முதல் நாள் தூங்கினாரா, மாத்திரை தவறியதா என்று எழுதி வாருங்கள். அடுத்த முறை கிளினிக்குக்குப் போகும்போது அதைக் கையோடு கொண்டு போங்கள். மருந்தின் அளவைக் கூட்டுவதா, மாற்றுவதா என்று மருத்துவர் முடிவெடுக்க அந்த நாலு வரி போதும். கூடவே பிள்ளையின் வகுப்பாசிரியர், பக்கத்து வீட்டார், வேலையிடத்து நண்பர் என்று நம்பிக்கையான ஒருவரிடமாவது விஷயத்தைச் சொல்லி, மேலே உள்ள முதலுதவியையும் சொல்லிக் கொடுங்கள்.